கருத்துப் போகும் பிளக்கும் காரணம் காணும் முறையும்

நம்மவரில் சிலர் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வெஸ்பாவை இன்னும் விட்டபாடில்லை. விடியற்காலையில் தேக்கா சந்தைக்குப் போய்ச் சாமான் ஏற்றி வர, அதற்கு நிகரான வண்டி இல்லை என்பது அவர்கள் கட்சி. ஆனால் கிக்கரை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்து, கடைசியில் பிளக்கைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு நிற்பவர்களும் அவர்களே. அன்னாருக்கு உதவுமென்றே இதனை எழுதலானோம்.

முதற்கண் நமது தவற்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் மசாலாத் தூள் வியாபாரி ஒருவர், பி.எக்ஸ். 150 வைத்திருப்பவர், வாரம் தவறாமல் நமது கடைக்கு வந்து பிளக் வாங்கினார். நாமும் இரண்டு மாத காலம் விற்றுக் காசை எண்ணி வைத்தோம். ஒரு நாள் அவர் சலித்துக்கொள்ளவே, "பெட்ரோல் அதிகம் போகிறது, ஜெட்டைச் சிறிதாக்குங்கள்" என்று மேதாவிபோல் சொல்லி, 100 இருந்த இடத்தில் 94 கொடுத்தனுப்பினோம். மறு வாரம் புக்கித் தீமா சாலையில் சாமானோடு போகையில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டு பின்சக்கரம் இறுகிவிட்டது. கிளச்சைப் பிடித்ததால் மனிதர் உயிர் தப்பினார். எஞ்சினைத் திறந்த வயதான மெக்கானிக், கிளச் பக்கத்து ஆயில் சீல் கிழிந்திருப்பதைக் காட்டினார். பிளக்கைக் கெடுத்தது கியர் பெட்டியின் எண்ணெய். நாம் குறைத்ததோ பெட்ரோலை! போர் அடித்துப் புதுப் பிஸ்டன் போட்ட செலவில் பாதியை நாம் ஏற்றோம். பாதிதானா என்று இன்றும் மனம் கேட்கிறது.

நிற்க. பிளக் ஏன் கருக்கிறது? அதன் நுனி சுமார் 450 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800 பாகையைத் தாண்டினாலோ, பொறி விழுமுன்பே கலவை பற்றிக்கொள்ளும். இவ்விரண்டிற்கும் இடையில் அதனை வைப்பதே வித்தை. சந்தைக்கும் கடைக்குமாக அரை மைல் ஓடி நிற்கும் வண்டியில் நுனி சூடேறவே நேரமில்லை. அத்தகையோர் என்.ஜி.கே. பி7எச்எஸ் போட்டிருந்தால், ஒரு படி சூடான பி6எச்எஸ் போட்டுப் பார்க்கலாம். விரைவுச் சாலையில் நெடுநேரம் ஓட்டுவோர் அப்படிச் செய்யலாகாது. என்.ஜி.கே.யில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக்; பாஷிலோ எண் ஏற ஏறச் சூடான பிளக். இதனை அறியாமல் எண்ணை மட்டும் பார்த்து மாற்றிக் கெட்டவர் பலர். இடைவெளி 0.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

கழற்றிய பிளக்கின் நிறத்தைக் கவனியுங்கள். தே தாரே நிறத்தில் உலர்ந்திருந்தால் குறையில்லை. விரலில் ஒட்டும் உலர்ந்த கரியாயின் பெட்ரோல் மிகுதி, அல்லது சோக் முழுதும் மூடவில்லை, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால், மிதவையின் ஊசி கசிகிறதா என்று பாருங்கள். இரவில் டேங்கின் குழாயை மூடும் வழக்கம் நல்லது. பிசுபிசுவென எண்ணெய் பூசியிருந்தால் எண்ணெயின் குற்றம். வெளுத்துப் போய், சிறு வெள்ளிப் பொட்டுகள் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். அப்பொட்டுகள் பிஸ்டனின் அலுமினியம்.

எண்ணெய்க் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. பி.எக்ஸ். வண்டிக்கு நூற்றுக்கு இரண்டு. அதாவது லிட்டருக்கு 20 மில்லி, எட்டு லிட்டர் டேங்கிற்கு 160 மில்லி. "கொஞ்சம் கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லதுதானே" என்று சிலர் இரட்டிப்பாக ஊற்றுவார்கள். ஜெட்டின் துவாரம் அதேதான். அதன் வழியே எண்ணெய் கூடுதலாகப் போனால், பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே பிளக் கரியும் எண்ணெயுமாக இருக்க, உள்ளே எஞ்சின் பெட்ரோலுக்கு ஏங்கிக் கொதிக்கும். கருத்த பிளக்கைக் கண்டவுடன் பெட்ரோல் மிகுதி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாதென்பது இதனால்தான். மறுபுறம், ஜெட்டைச் சிறிதாக்கினால் பெட்ரோலோடு வரும் எண்ணெயும் குறைந்து, சூடும் வறட்சியும் ஒன்றாய்ச் சேரும். நமது மசாலா வியாபாரிக்கு நேர்ந்தது அதுவே.

சீல் சங்கதியை அறிவது எளிது. கியர் எண்ணெயை வடித்து அளந்து பாருங்கள். எஸ்.ஏ.இ. 30 எண்ணெய் 250 மில்லி இருக்க வேண்டும். வெளியே ஒழுகாமல் அது குறைந்திருந்து, பின்னால் புகையும் கனத்திருந்தால், கிளச் பக்கத்துச் சீல்தான். மேக்னட் பக்கத்துச் சீல் போனால் கதை வேறு: அதன் வழியே காற்று புகுந்து, ஆக்ஸிலேட்டரை விட்டபின்பும் எஞ்சின் இரைச்சல் இறங்க மறுக்கும்.

இத்தனையும் பார்த்தபின்பே ஜெட்டைத் தொட வேண்டும். வெஸ்பாவின் டெல்லோர்ட்டோ எஸ்.ஐ. கார்புரேட்டரில் மெயின் ஜெட் எண் 100 என்றால் துவாரம் ஒரு மில்லிமீட்டர். மிக்குனியின் எண்கள் பெட்ரோல் பாயும் அளவைக் குறிப்பதால் இரண்டையும் ஒப்பிடலாகாது. ஆக்ஸிலேட்டரை முக்காலுக்கு மேல் திருகும்போது மெயின் ஜெட்டின் ஆட்சி. கால் பங்கு வரை பைலட் ஜெட்டின் ஆட்சி. சந்தைத் தெருவில் ஊர்ந்து போகையில் கருத்த பிளக்கிற்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, தலைவலிக்குக் காலில் தைலம் பூசுவது போன்றது. நடுப்பகுதியைச் சரிசெய்ய ஜப்பானிய வண்டிகளில் ஊசியின் கிளிப்பை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். எஸ்.ஐ. கார்புரேட்டரில் அந்த ஊசியே கிடையாது. அடைத்த ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை தேய்ந்து துவாரம் பெருத்துவிடும். காற்றடித்தால் போதும்.

மெயின் ஜெட்டைச் சோதிக்க, வாகனம் இல்லாத இடத்தில் மூன்றாம் கியரில் சிறிது தூரம் முழுதாகத் திருகி ஓட்டி, கிளச்சைப் பிடித்து உடனே எஞ்சினை அணைத்து, ஓரமாய் நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். மெல்ல ஓட்டி வந்து நிறுத்திய பிளக் முழு வேகத்தின் கதையைச் சொல்லாது. மாற்றுவதாயின் இரண்டிரண்டு எண்ணாக மாற்றுங்கள். நம்மைப்போல் ஆறு எண் தாவாதீர்கள்! நமது ஊரின் சூட்டிலும் ஈரத்திலும் காற்று அடர்த்தி குறைவு. ஆகையால் குளிர்நாட்டு வண்டிக்குப் பொருந்திய ஜெட் இங்கே சற்று மிகுதியாகலாம். கேமரன் மலைக்கு வண்டியோட்டிச் செல்வோர் அங்கே பிளக் கருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். தானா ராத்தா கடல்மட்டத்திற்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிக உயரம், இறங்கியதும் சரியாகிவிடும். மலையில் ஜெட்டைச் சிறிதாக்கி, அதே ஜெட்டோடு சமவெளியில் விரைவதுதான் ஆபத்து.

கடைசியாக, 2003 ஜூலை 1-க்கு முன் பதிவாகி இன்றும் சாதாரணப் பதிவிலுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு, சிங்கப்பூர்ச் சாலைகளில் 2028 ஜூன் 30 வரைதான் தவணை. அதுவரை வருஷாந்தரப் பரிசோதனையும் உண்டு. புகை தள்ளும் வண்டியைக் கொண்டு போகுமுன், அந்த 250 மில்லியை ஒரு தடவை வடித்து அளந்துவிடுங்கள். அளவுக் குவளை இல்லாதவர் நமது கடைக்கு வரலாம். அதற்குக் காசு வாங்குவதில்லை.