எலும்பு நழுவிய இடுப்போடு எட்டு ஆண்டுகள்

அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக வேலை பார்த்தவள் நான். நாள் முழுக்க நின்றே பழகிய உடம்பு. 53 வயதில், பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கு நடக்கும் அரை கிலோமீட்டர் எனக்குப் பெரும் தூரமாகிவிட்டது. பாதி வழியிலேயே இடுப்பில் கிளம்பும் வலி தொடை, கெண்டைக்கால் வரை இறங்கும். கால் மரத்துக் கனக்கும். டீக்கடை பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எல்லாம் போய்விடும். எழுந்து நடந்தால் திரும்ப வரும். கரும்பலகையின் மேல்வரியில் எழுத அண்ணாந்து கையைத் தூக்கினால் உயிர் போகும். ஆனால் சைக்கிள் ஹேண்டில்பாரில் சாய்ந்தபடி தள்ளிக்கொண்டு நடந்தால் வலியே தெரியாது.

இந்த சைக்கிள் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அந்த ஒரு வருடத்தில், பார்த்தவர்கள் எல்லாரும் "டிஸ்க் விலகியிருக்கும்" என்றார்கள். முதுகு வலிக்கு நல்லது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பிப் புஜங்காசனம் செய்தேன். பத்தே நாளில் வலி இரட்டிப்பானது. "நழுவினதை அழுத்தி உள்ளே தள்ளிடலாம்" என்றவரிடம் எண்ணெய் போட்டு மிதிக்கவும் விட்டேன். அதன்பிறகு ஒரு வாரம் படுக்கைதான். கடைசியில் போன எலும்பு மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே வேறாக இருந்தது: "வலி எப்ப வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க டீச்சர். எப்பக் குறையுதுன்னு சொல்லுங்க."

சைக்கிளைப் பற்றிச் சொன்னேன். உடனே எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார்: நின்றபடி ஒன்று, குனிந்தபடி ஒன்று, பின்னால் சாய்ந்தபடி ஒன்று. படுத்து எடுக்கும் ஸ்கேனில் எலும்பு சற்றுத் திரும்பி அமர்ந்துகொண்டு, நழுவல் குறைவாகத் தெரியலாமாம். நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் எம்.ஆர்.ஐ.

கீழ் முதுகில் ஐந்து எலும்புகள் அடுக்கியிருக்கின்றன. எனக்கு நான்காவது எலும்பு ஐந்தாவதன் மேல் முன்பக்கமாக நழுவியிருந்தது. இதன் பெயர் ஸ்பாண்டிலோலிஸ்தீசிஸ். எலும்புத் தேய்மானத்தைச் சொல்லும் ஸ்பாண்டிலோசிஸ் வேறு, இது வேறு. இளவயதில் வேகப்பந்து வீசுகிறவர்களுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறவர்களுக்கும், முதுகைப் பின்னால் வளைத்து வளைத்து எலும்பில் விரிசல் விழுந்து இது வரும். 50 வயதுக்கு மேல், அதிலும் பெண்களுக்கு, பின்பக்க மூட்டுகளும் டிஸ்க்கும் தேய்ந்து வரும். எனக்கு வந்தது இரண்டாவது வகை. நழுவலை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். கீழ் எலும்பின் அகலத்தில் கால் பங்குக்குள் இருந்தால் முதல் நிலை. என்னுடையது அதுதான்.

டிஸ்க் பிதுங்கியவர்களுக்குப் பெரும்பாலும் குனிந்தால் வலிக்கும். எனக்கோ பின்னால் சாய்ந்தால் வலி. பின்னால் வளையும்போது நரம்பு போகும் பாதை குறுகுகிறது. முன்னால் சாயும்போது விரிகிறது. டீக்கடை பெஞ்சும் சைக்கிளும் சுகம் தந்த காரணம் இதுதான்.

"எலும்பு பழைய இடத்துக்குப் போகுமா?" என்று கேட்டேன். "போகாது. போக வேண்டியதும் இல்லை. அதைத் தாங்குற தசையைப் பலப்படுத்துவோம்" என்றார். என் வைத்தியம் அங்கே தொடங்கியது.

பிசியோதெரபியில் கற்றுக்கொண்டவை எளியவை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, அடிவயிற்றை இறுக்கிக் கீழ் முதுகைத் தரையில் அழுத்தி ஐந்து எண்ணுவது. முழங்கால்களை ஒவ்வொன்றாக மார்புக்கு இழுப்பது. தொடையின் பின்தசையை மெல்ல நீட்டுவது. ஓடாத சைக்கிளில் பத்து நிமிடம் மிதிப்பது. முதல் ஒரு மாதம் எந்த மாற்றமும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் டீக்கடையில் உட்காராமல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். பலர் முதல் மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

வீட்டிலும் சில பழக்கங்களை மாற்றினேன். அடுப்படியில் நிற்கும்போது ஒரு காலை மணைக்கட்டை மேல் வைத்துக்கொள்கிறேன். கால் மாற்றி மாற்றி. பரணில் எதையும் எம்பி எடுப்பதில்லை, ஸ்டூல் போட்டு ஏறுகிறேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதை நிறுத்தி, இரண்டு சின்ன வாளிகளில் பிரித்துத் தூக்குகிறேன். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை. எழும்போது பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழுவது. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காருவதில்லை. இடுப்பு பெல்ட் நீண்ட பயணத்துக்கு மட்டும். நாள் முழுக்கக் கட்டினால் தசை சோம்பிவிடும். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தின்னும் பழக்கத்தையும் விட்டேன். வயிறும் சிறுநீரகமும் நமக்கு வேண்டும். ஏழு கிலோ எடை குறைத்தது மாத்திரையைவிட அதிகம் உதவியது.

எல்லாருக்கும் உடற்பயிற்சியே போதும் என்று சொல்ல மாட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்குப் பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று கழன்று விழுந்தது. அவருக்கு ஸ்குரூவும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைத்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறார். கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, மாதக்கணக்கில் வைத்தியம் செய்தும் நடக்க முடியாமல் போனாலோ, அறுவை சிகிச்சை என்ற பேச்சுக்குப் பயந்து ஒளியக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், கட்டுப்பாடில்லாமல் போனாலும், மலவாயைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் மரத்துப்போனாலும், அன்றே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம்.

போன வருடம் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு எட்டு ஆண்டுகளுக்கு முன் இருந்த அதே இடத்தில்தான் இருக்கிறது. நான் தினமும் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறேன். உங்களுக்கும் இடுப்பு வலி என்றால், ஒரு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள்: எப்போது வருகிறது, எப்போது குறைகிறது. அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை யாரையும் முதுகில் ஏறி மிதிக்க விடாதீர்கள்.