பொடிப்பனியும் பனிச்சரிவும்

நாம் வாழும் சுவிற்சர்லாந்தில் மாணவர் பலர் மாரிகாலத்தில் நண்பர்களுடன் மலையேறிப் பனிச்சறுக்கில் ஈடுபடுகின்றனர். கடுங்குளிரில் ஈரமின்றிப் பெய்த புதுப்பனியைப் பொடிப்பனி என்போம். அதன் துகள்களிடையே காற்று நிறைந்திருப்பதால் அது பஞ்சுபோல் மென்மையாயிருக்கும்.

ஆயினும், அதனடியில் உறுதியற்ற பழைய பனிப்படை மறைந்திருக்கலாம். 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வில், ஒருவரின் பாரமே அப்படையை முறிக்கப் போதுமாகலாம். அப்பொழுது மேலுள்ள பனி பாளமாகப் பிளந்து கீழே வழுக்கும். இதுவே பனிச்சரிவு.

தாவோஸ் நகரிலுள்ள பனி ஆய்வு நிலையம் மாரிகாலத்தில் நாள்தோறும் அபாய அறிக்கை வெளியிடுகின்றது. 1993 முதல் ஐரோப்பாவில் இவ்வபாயம் 5 தரங்களாக வகுக்கப்படுகின்றது. மூன்றாந் தரத்தை நடுத்தரமெனக் கருதலாகாது. அதன் பெயரே 'கணிசமான அபாயம்'.

புதையுண்டவரைப் பத்து நிமிடங்களுக்குள் மீட்டால் அவர் பெரும்பாலும் பிழைப்பார். மீட்புக்குழு அதற்குள் வந்தடைவது அரிது. உடன்சென்ற நண்பரே காக்கவேண்டும். எனவே, குறியிட்ட பாதையை விட்டு விலகுவோர் ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, தேடுகோல், பனி அள்ளும் சவள் ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும்.

பெற்றோரே, நாம் பிறந்த சமதரையில் இவ்வறிவு தேவைப்படவில்லை. இங்கே, "கவனமாய்ப் போய்வா" என்பதோடு நில்லாது, "இன்று எத்தனையாந் தரம்?" என்றும் வினவுவோம். மாணவரே, விடை கூறிய பின்னரே புறப்படுங்கள்.