ஓயாது வாசித்த கணினி

கற்றல் என்பது செய்திகளைக் குவித்தலன்று. குவித்தவற்றை ஐயந்திரிபற அறிதலேயாம். ஆசிரியர் வழிவழியாகக் கூறிவரும் இவ்வுண்மையைக் கணினியொன்றின் வாயிலாக அளந்து காட்டியது, அமெரிக்காவிலே பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று. பேராசிரியர் ரொம் மிச்செலும் அவர்தம் குழுவினரும் 2010ஆம் ஆண்டு சனவரியில் அதனைத் தொடக்கினர். 'முடிவுறா மொழிக் கற்றல்' எனப் பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் கூடி 'நெல்' என ஒலித்தல் தமிழர்க்கு இனியதோர் இயைபாகும்.

நகரம், பறவை, விளையாட்டு முதலாய 123 வகுப்புகளும், 'இக்குழு ஆடுவது இவ்விளையாட்டு' என்பன போன்ற 55 தொடர்புகளும் அதற்கு வகுத்தளிக்கப்பட்டன. வகுப்பொன்றுக்குப் பத்து முதற் பதினைந்து வரையான எடுத்துக்காட்டுகளே விதையாயின. அவற்றைக்கொண்டு ஏறத்தாழ 50 கோடி இணையப் பக்கங்களை அது ஆராய்ந்தது. தான் அறிந்த நகரப் பெயர்களோடு 'முதல்வர்' என்னுஞ் சொல் அடுத்து வருதலைக் கண்டால், அச்சொல்லோடு வரும் புதிய பெயரையும் நகரமெனக் கொள்ளும்; அப்புதிய பெயர்களைக்கொண்டு வேறு சொற்றொடர்களை அறியும். இன்று கற்றது நாளைய கல்விக்குக் கருவியாயிற்று.

ஆயின், பிழையும் அவ்வாறே பெருகுமன்றோ? இணையத்தளங்கள் நம் கணினியில் இட்டுவைக்கும் சிறு பதிவுக்குக் 'குக்கி' என்று பெயர். ஆங்கிலத்தில் அஃது ஒருவகைப் பிஸ்கற்றுக்கும் பெயராம். நெல் அப்பதிவினை அடுப்பில் வேகும் பண்டமெனக் கொண்டது. 'குக்கிகளை அழித்தேன்', 'கோப்புகளை அழித்தேன்' என மக்கள் எழுதியிருத்தலைக் கண்டு, கோப்புகளையும் பண்டமாக்கிற்று!

இத்தகைய பிழைகளைத் தடுக்க ஆய்வாளர் காவல் வைக்காமலில்லை. ஒன்று மனிதராயின் நகரமாகாது என்னும் விலக்குவிதிகள் இருந்தன. வாக்கியம், அட்டவணை, சொல்லின் வடிவம் என வெவ்வேறு வழியாற் பெற்ற சான்றுகளும் ஒப்புநோக்கப்பட்டன. அவ்வாறிருந்தும், முதல் 67 நாள்களிற் சேர்ந்த 2,42,000க்கு மேற்பட்ட செய்திகளுள் நூற்றுக்கு 74 மட்டுமே சரியென மதிப்பிடப்பட்டது. அக்காலத்தை மூன்று கூறாக்கிப் பார்த்தவிடத்து, முதற்கூற்றில் நூற்றுக்கு 90 ஆயிருந்த செம்மை, அடுத்து 71 ஆகவும், இறுதியில் 57 ஆகவும் வீழ்ந்தது. வாசிப்பு நீளநீள வழுவும் வளர்ந்தது.

இதற்கு மருந்து பிறிதொரு பெரும்பொறியன்று, ஆசிரியரே. அவ்வாண்டு யூன் மாதம் முதல் ஆய்வாளர் இரு கிழமைக்கொருமுறை ஒவ்வொரு வகுப்பையும் சில நிமிடம் நோக்கி, வெளிப்படையான பிழைகளைத் திருத்தினர். பின்னர் 2018ஆம் ஆண்டளவில் அதன் களஞ்சியத்தில் 12 கோடிக்கு மேற்பட்ட செய்திகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நம்பத்தக்கது என்னும் அளவும் உடன் குறிக்கப்பட்டிருந்தது.

வினாவிய மாத்திரத்தில் விடையளிக்கும் பொறிகள் இன்று மாணாக்கர் கையிலேயே உள்ளன. அவை கற்கும் முறை வேறாயினும், விடையைப் பெறுபவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இதனைச் சரிபார்த்தவர் யார்? களஞ்சியம் நிறைந்ததென மகிழுமுன் பதர் தூற்றுதல் உழவர்க்குக் கடன். கற்பார்க்கும் அதுவே கடனாம்.