நொய்யல் முதல் பூம்புகார் வரை

வெள்ளியங்கிரி மலையில் தோன்றித் திருப்பூர் வழியாகப் பாயும் நொய்யல், கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. காவிரி, பூம்புகாரில் கடலை அடைகிறது. பின்னலாடை நகரையும் பழந்தமிழர் துறைமுகத்தையும் இணைப்பது ஒரே நீர்வழியாகும். இருசக்கர ஊர்தியில் புறப்படுவோர் கரூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக அதன் முடிவைக் காணலாம்.

தொடக்கத்திலேயே வரலாறு எதிர்ப்படுகிறது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் அரியகல் மணிகளும் நூல் நூற்கும் தக்களிகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்துள்ளன.

இறுதியில், காயும் வலைகளுக்கிடையே மீனவர் ஊராக விளங்குகிறது பூம்புகார். அருகிலுள்ள கீழையூரில் செங்கல்லாலான படகுத்துறை அகழ்ந்தெடுக்கப்பட்டது. இங்கு வாழ்ந்த பரதவர், நிறைமதி நாளில் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. இன்றும் மீன்கள் இனம்பெருகும் பொருட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கின்றன.

கடலுக்குக் கிடைத்த அவ்வோய்வு ஆற்றுக்குக் கிடைக்கவில்லை. சாயக்கழிவால் நொய்யல் நிறம் மாறியது. ஒரத்துப்பாளையம் அணைநீர் பாசனத்திற்கு உதவாதாயிற்று. உழவர் வழக்குத் தொடுத்தனர். 2011இல் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் சாய ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். கழிவுநீரை வெளியேற்றாமல் தூய்மைசெய்து மீளப் பயன்படுத்தும் முறையை ஏற்ற ஆலைகளே பின்னர் இயங்கின.

ஆற்றை இழந்த உழவரும் வேலையை இழந்த தொழிலாளரும் ஒரே மண்ணின் மக்களே. இயற்கையிடம் பெறுவதற்கு ஒரு வரம்புண்டு என்பதைத் தொழில் தொடங்கும்போதே உணர்ந்தால், இருவரும் இழக்கவேண்டியதில்லை.