டாக்டரைக் கேளுங்கள்: கேஸ் மாத்திரையும் காலராக் கிருமியும்

கே: லாரித் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். அப்படியும் மாற்றி மாற்றி எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு. ஏன் டாக்டர்?
- வாசகி, காலடிப்பேட்டை

ப: கொதித்து ஆறிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, கையை விட்டு மொள்கிறீர்களா? அதுதான் காரணமாக இருக்கும். குழாய் வைத்த, மூடியுள்ள பாத்திரம் வாங்குங்கள்.

கே: ஹார்பரில் வேலை, ஓட்டல் சாப்பாடு. பல வருடமாகக் காலையில் கேஸ் மாத்திரை போடாவிட்டால் நெஞ்சு எரிகிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அடிக்கடி பேதியும் ஆகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகர், தாங்கல்

ப: இருக்க வாய்ப்பு உண்டு. சீட்டு இல்லாமல் வருடக்கணக்கில் இதை விழுங்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. இரைப்பை அமிலம் வீணாகச் சுரப்பதல்ல. காலராக் கிருமி அமிலத்தைத் தாங்காது. தன்னார்வலர்களை வைத்து நடத்திய சோதனைகளில், அமிலம் இருந்தபோது கோடிக்கணக்கான கிருமிகளை விழுங்கியும் பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. சோடா உப்பால் அமிலத்தை முறித்த பிறகு 10 லட்சம் கிருமிகளே பெரும்பாலோரைப் படுக்கவைத்தன. நீங்கள் தினமும் காலையில் அந்தக் காவலைத்தான் தளர்த்துகிறீர்கள். சால்மோனெல்லா என்ற இன்னொரு பேதிக் கிருமிக்கும் இது சாதகம்.

இரைப்பையைத் தாண்டியதும் காலராக் கிருமி தான் வந்த இடத்தை அறிந்துகொள்கிறது. அதன் சவ்வில் டாக்ஸ்-ஆர், டிசிபி-பி என்ற புரதங்கள் இருக்கின்றன. பித்தநீரின் உப்பு போன்ற குடலின் அடையாளங்கள் பட்டதும் அவை உள்ளே தகவல் அனுப்புகின்றன. அப்போதுதான் மயிரிழை போன்ற நார்கள் முளைக்கின்றன, நச்சும் சுரக்கிறது. அந்த நச்சு பட்ட குடல் செல்கள் உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்டுகின்றன. நச்சு இருப்பதை 1959-ல் கல்கத்தாவில் நிரூபித்தவர் சம்புநாத் டே.

கூட்டம் பெருகியதும், தாங்களே வெளியிட்ட ரசாயனங்களைக் கொண்டு கிருமிகள் அதையும் உணர்ந்து, பிடியை விட்டு வெளியேறுகின்றன. அப்படிப் புதிதாக வெளியேறியவை சில மணி நேரத்துக்கு மற்றவற்றைவிட எளிதாக அடுத்தவரைத் தொற்றும். பேதியான துணியை அலசியவர் உடனே சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது இதற்காகத்தான்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் எரிச்சல் கூடும். எதற்காக எரிகிறது என்று ஒரு மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி குறையுங்கள்.

கே: எங்கள் ஆற்று இறாலில் காலராக் கிருமி இருக்குமா?
- மாணவி, எண்ணூர்

ப: உவர்நீர்தான் அதன் சொந்த இடம். இறால், நண்டு வகைகளின் ஓட்டிலுள்ள கைட்டினில் அது ஒட்டி வாழ்கிறது. கைட்டினை உணர்ந்ததும் பக்கத்தில் கிடக்கும் அயல் டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறனும் அதற்கு வந்துவிடுகிறது. 1992-ல் நம் மெட்ராஸில் ஓ139 என்ற புதிய வகை முதலில் பிடிபட்டது. பழைய ஓ1 வகையின் மேலுறை மரபணுக்கள் மாறிப் பிறந்தது அது. பழைய காலராவுக்குப் பழகிய பெரியவர்களின் உடலும் அதை அடையாளம் காணவில்லை. அப்படி ஒரு மாற்றம் கைட்டின் மேல் நடக்கக்கூடும் என்பதைப் பின்னாளில் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். நீ இவ்வளவு யோசித்துக் கேட்டதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சிம்மா. நன்றாக வெந்த இறாலைத் தாராளமாகச் சாப்பிடு. பச்சை இறால் நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்காதே.

கே: பேரனுக்குப் பேதி. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நிறுத்திவிட்டேன். சரிதானே?
- பாட்டி, எர்ணாவூர்

ப: தவறும்மா, பெரிய தவறு. பேதியில் பிள்ளையின் உயிரை எடுப்பது தண்ணீர் வற்றுவதுதான். 1971-ல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய்வழியே கொடுத்தே காலரா இறப்பைச் சுமார் 30 சதவீதத்திலிருந்து 4-க்கும் கீழே இறக்கினார். ஓஆர்எஸ் பாக்கெட் முழுவதையும் அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள். பாதி பாக்கெட் வேண்டாம். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலோ கஞ்சியோ, எதையும் நிறுத்தாதீர்கள். கண் குழிந்தால், சிறுநீர் நின்றால், பிள்ளை துவண்டு விழுந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.