ஹௌராப் பாலம்

மாநகர் ஒன்றன் பெயரைக் கேட்டவளவில் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? அரண்மனையும் நினைவு மண்டபமுமே என்பார் பலர். ஆயின், கல்கத்தா என்றதும் பலர் உள்ளத்தே எழுவது, மன்னர் உறையாததும் சிற்பம் செறியாததுமாகிய ஒரு பாலமே. நாடோறும் மக்கள் நடந்து செல்லும் வழியொன்று நகரின் அடையாளமாயது எங்ஙனம் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், அதன் தேவையை நோக்குவாம். கல்கத்தா ஹூக்ளி நதியின் கீழ்க்கரையிலும், ஹௌரா இரயில் நிலையம் அதன் மேற்கரையிலும் உள்ளன. 1874-இல் அமைந்த மிதவைப் பாலமே நெடுங்காலம் இவ்விரு கரைகளையும் இணைத்தது. கப்பல்கள் செல்லுங்கால் அதன் நடுப்பகுதியை விலக்க வேண்டியிருந்தமையின், வண்டிகளும் மாந்தரும் காத்து நிற்க நேர்ந்தது. புதிய பாலம் இவ்வல்லலைத் தீர்க்க எழுந்ததேயன்றி, நகருக்கு அணி செய்ய எழுந்ததன்று.

இனி, அதன் அமைப்பைக் காண்பாம். ஆற்றினுள் தூண் நாட்டின் நீரோட்டம் தடைப்பட்டு வண்டல் படியுமென அஞ்சினர். ஆதலின், 1,500 அடி இடைவெளியைத் தூணின்றியே கடக்கத் துணிந்தனர். இரு கரையினின்றும் 468 அடி நீளமுள்ள இரு கைகள் நீண்டு, இடையே 564 அடிப் பகுதியொன்றைத் தாங்குகின்றன. இதற்கு வேண்டிய 26,500 டன் உருக்கில் 23,000 டன் டாட்டா ஆலை அளித்ததாகும். இப்பாலத்தின் தோற்றப் பொலிவு அழகு கருதிச் செய்ததன்று. பளுவைத் தாங்கும் முறையினின்றும் தானே பிறந்ததென்க.

மூன்றாவது, பழக்கம். போர்க்காலமாகிய 1943 பிப்ரவரியில் இப்பாலம் விழா ஆரவாரமின்றியே திறக்கப்பட்டது. 1965-இல் கவி இரவீந்திரர் பெயரால் இரவீந்திர சேது எனப் பெயரிட்டனர். எனினும் மக்கள் நாவில் ஹௌராப் பாலமென்பதே நிலைத்தது. இரயிலினின்று இறங்கி வேலை தேடி வருவோரும், பாலத்தடியிலுள்ள மல்லிக் துறைப் பூச்சந்தைக்குக் கூடை சுமந்து செல்வோரும் நகரினுட் புகும் வாயில் இதுவே. பன்னாள் நடந்த கால்களே இதனை அடையாளமாக்கின என்பது பெறப்படும்.

அங்ஙனமாயின், அடையாளமாயதொன்றைக் காத்தற்குத் தனியே முயலவேண்டா எனலாமோ? எனலாகாது. இப்பாலத்திற் செல்வோர் துப்பிய வெற்றிலைபாக்கு எச்சிலால், தொங்குகால்களின் அடியைக் காக்கும் உருக்குக் கவசங்கள் சில ஆண்டுகளுள் ஏறத்தாழப் பாதியளவாய்த் தேய்ந்தமை 2011-ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. பின்னர் அவ்வடிப்பகுதிகளைக் கண்ணாடியிழையால் மூட வேண்டியதாயிற்று. பாலத்தைப் புகழ்ந்தோர்க்கும் அதன்மீது உமிழ்ந்தோர்க்கும் வேறுபாடின்று. இருவரும் அந்நகர மாந்தரே.

நாமும் நம் ஊரிலுள்ள பாலத்தையும், குளத்துப் படிக்கட்டையும், இரயில் நிலையத்தையும் நாடோறும் காண்கின்றோம்; கண்டும் காணாதே கடக்கின்றோம். நம் ஊரை நினைப்பார்க்கு நாளை அவற்றுள் ஒன்றே முன்னிற்றல் கூடும். பெயர் பெறுமுன்னரே அதனைப் பேணுதல் நம் கடனாம்.