இணையவழித் தொலைபேசியும் 911 அழைப்பும்

2008 ஏப்ரலில் கல்கரி நகரில் ஒரு குடும்பம் தன் குழந்தைக்காக 911ஐ அழைத்தது. அம்புலன்ஸ் வண்டி சென்றதோ அக்குடும்பம் முன்பு வாழ்ந்த மிஸிஸாகா முகவரிக்கு. குழந்தை உயிர் பிழைக்கவில்லை. அவ்வீட்டில் இருந்தது இணையவழித் தொலைபேசி. பதிவில் இருந்தது பழைய முகவரி.

வழமையான கம்பிவழித் தொலைபேசியில் எண்ணும் வீடும் பிணைந்திருப்பதால், அழைப்பவர் பேச இயலாவிடினும் 911 பணியாளருக்கு முகவரி தெரியும். இணையவழிக் கருவியை எவ்வூருக்கும் எடுத்துச் செல்லலாம், எண் மாறாது. ஸ்காபரோவில் பெற்ற எண் மொன்றியலிலும் ஒலிக்கும். மலிவும் வசதியுமான இவ்வியல்பே ஆபத்து வேளையில் இடரும் ஆகிறது.

கனேடிய வானொலி-தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2005 ஏப்ரல் 4 அன்று இச்சேவை நிறுவனங்கள் 911 வசதியை வழங்க வேண்டுமெனவும், அதன் குறைபாடுகளை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே விளக்க வேண்டுமெனவும் பணித்தது. இடம்விட்டு இடம் கொண்டுசெல்லத்தக்க சேவைகளில் அழைப்பை முதலில் ஏற்பவர் ஓர் இடைநிலைப் பணியாளர். இருப்பிடத்தைக் கேட்டறிந்த பின்னரே அவர் உரிய நிலையத்துடன் இணைப்பார். ஆகவே முகவரியையும் அருகிலுள்ள சந்தியையும் முதலில் கூறுதல் நலம். வீடு மாறுவோர் நிறுவனத்திடம் புதிய முகவரியைப் பதிந்து, அது பதிவாகியதை உறுதிசெய்ய வேண்டும்.

மின்சாரம் நின்றால் மோடமும் நின்றுவிடும். 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மின்னேற்றிய கைத்தொலைபேசி ஒன்று அருகில் இருத்தல் அவசியம்.

நிறுவனத்திடம் முறையிட்டும் தீராத பிணக்குகளைத் தொலைத்தொடர்பு, தொலைக்காட்சிச் சேவைகளுக்கான முறைப்பாட்டு ஆணையம் கட்டணமின்றி விசாரிக்கிறது.